ஏறுவதற்காக இறக்கிய கார்

மாத்தளை டவுனிலிருந்து யட்டவத்தைப் பக்கம் போகிற பாதையில், ஒரு வளைவைத் தாண்டி, தகரக் கூரை போட்ட கராஜ் ஒன்று இருந்தது. அங்கே ஒரு வருசத்துக்குக் கொஞ்சம் குறைவாக வேலை செய்தேன். அதற்கு முன் தம்புள்ளையில் மரக்கறி மூட்டை தூக்கினேன். அதற்கு முன் சவூதியில் வெல்டிங். அதற்கும் முன் என்னவெல்லாமோ. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதன் பிறகு எந்த ஊரிலும் இரண்டு தீபாவளி பார்த்ததில்லை. கராஜுக்குப் பின்னால், பழைய டயர்களுக்குப் பக்கத்தில், எனக்கு ஒரு கட்டில் கொடுத்திருந்தார்கள். மழை பெய்தால் கட்டிலைச் சுவரோரம் இழுத்துக்கொள்ள வேண்டும். மற்றபடி குறையில்லை.

கராஜ்காரர் முஸ்லிம். பாதையில் போகிறவர்கள் எல்லாரும் அவரை நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். புதுக் கார்களை அவருக்குப் பிடிக்காது. "அதுக்குக் கொம்பியூட்டர் படிச்சவன் வேணும், எனக்கு ஸ்பேனர்தான் தெரியும்" என்பார். அதனால் அந்தப் பக்கத்தில் மிச்சமிருந்த பழைய கார்களெல்லாம் எங்களிடம் வந்தன.

டிரைவரின் காரும் அப்படி வந்ததுதான். தோட்டத்து லொறி ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். பெயர் ஒன்று இருந்திருக்கும். ஆனால் டிரைவர் என்பதைத் தவிர வேறு பெயரில் அவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கார் வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலில் வந்தது. ஆமை முதுகு, உருண்டைக் கண், கரும்பச்சை நிறம். இலங்கையில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் அதன் பெயரைச் சொல்லும். தோட்டத்து பெரிய கிளாக்கர் கனடாவுக்குப் போகும்போது அவரிடமிருந்து வாங்கினாராம்.

அன்றைக்கு அவர் காரிலிருந்து இறங்கும்போது கையில் ஒரு கொய்யாக் குச்சி இருந்தது.

"நானா, இதோட முன்பக்கத்த எறக்கணும்."

நானா சிரித்தார். "என்ன டிரைவரண்ணே, இந்த வயசுல ரேஸ் ஓடப் போறீங்களா? பொடியன்மார்தான் வந்து இப்பிடிக் கேப்பானுகள். எறக்கி, ரோட்டுல வயிறு தேய ஓட்டுவானுகள்."

டிரைவர் சிரிக்கவில்லை. காரின் இடப்பக்க முன்கதவைத் திறந்து, கால் வைத்து ஏறுகிற விளிம்புக்குக் கீழே அந்தக் குச்சியைத் தரையில் நிறுத்தினார். குச்சியின் தலை விளிம்பைத் தொடவில்லை. ஒன்றரை அங்குலம் குறைந்தது.

"அவ கால் இம்புட்டுத்தான் ஏறுது. வெளிம்பு இங்க வந்து நிக்கணும்."

அவர் மனைவிக்கு முந்தின வருசம் பாரிசவாதம் வந்து இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. "வாய்க்கு ஒண்ணும் ஆகல்ல, அது முந்தியவிட ஜோர்" என்றார் டிரைவர். வீட்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் தள்ளிக்கொண்டே நடந்துவிடுகிறாராம். வாசலுக்கு வந்து உட்காருவாராம். ஆனால் வாசலைத் தாண்டி ஒரு வருசமாக எங்கேயும் போகவில்லை. கிளினிக்குக்கு டிரைவர் மட்டும் போய் மருந்து வாங்கி வந்தார்.

"தூக்கி வச்சுக் கூட்டிட்டுப் போகலாமே" என்றார் நானா.

டிரைவர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "தூக்க விடமாட்டா நானா. ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னிக்கு பக்கத்து வீட்டு லயத்து ஆளுங்கதான் வேன்ல இருந்து தூக்கி எறக்கினாங்க. தூக்கையில வயித்துல அமுங்கும்ல. அவளால அடக்க முடியல்ல. அத்தனை பேரு முன்னால. அன்னிக்குச் சொன்னா, இனி ஒருத்தனும் என்னைத் தொட்டுத் தூக்கக் கூடாதுன்னு. நானும் தொட ஏலாது."

நானா கையிலிருந்த துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஆட்டோவையும் முயன்று பார்த்திருக்கிறார்கள். அதன் படி இன்னும் உயரம். உட்கார்ந்தாலும் ஒரு பக்கம் பிடிமானம் இல்லாமல் சரிகிறார். இந்தக் காரென்றால் அப்படியில்லை. சீட்டில் பின்பக்கமாக உட்கார்ந்து, வலது கையால் கதவுத் தூணைப் பிடித்துத் திரும்பி, வலது காலை உள்ளே எடுத்துவிடுவார். கடைசியில் மிஞ்சுவது அந்த இடது கால். அதை வலது கையால் பாவாடையோடு சேர்த்துப் பிடித்து விளிம்புக்கு மேலே தூக்க வேண்டும். அங்கேதான் நிற்கிறது. டிரைவர் வீட்டில் செங்கல்லும் பலகையும் அடுக்கி, மனைவியைத் தூக்கச் சொல்லிச் சொல்லி, எந்த உயரம் வரை வருகிறதென்று பார்த்து அந்தக் குச்சியை வெட்டிக்கொண்டு வந்திருந்தார். அதற்கு முன்பே சின்ன டயரும் போட்டுப் பார்த்துவிட்டார். பற்றவில்லை.

போக வேண்டிய இடம் நாவுல என்கிற ஊர். அங்கே மகளைக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள், மருமகன் மரக்கறித் தோட்டம் செய்கிறார். பேத்திக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். மகன் கட்டாரில், லீவு கிடைக்கவில்லை. அதனால் தாத்தா மடி. பாட்டி பக்கத்தில் இருக்க வேண்டும் என்று மகள் போனில் அழுதாளாம்.

"அவளே சொன்னா, நானே ஏறி நானே எறங்க முடிஞ்சா வாறேன்னு. வெளிய போறதப் பத்தி ஒரு வருசத்துல அவ வாயால வந்த மொத வார்த்தை" என்றார் டிரைவர்.

நானா குச்சியை வாங்கிச் சுவரில் சாய்த்து வைத்தார். "விட்டுட்டுப் போங்க அண்ணே. இன்ஷா அல்லாஹ் செய்வோம்."

அந்தக் காரின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் கிடையாது. வயிற்றுக்கு அடியில், பக்கத்துக்கு ஒன்றாக, பெருவிரல் மொத்தத்தில் இரண்டு இரும்புக் கம்பிகள் நீளமாக ஓடுகின்றன. முன் நுனி டயர்ச் சில்லைத் தாங்குகிற கையோடும், பின் நுனி காரின் உடம்போடும் பூட்டியிருக்கும். சில்லு மேடு ஏறும்போது கம்பி ஈரத்துணி பிழிகிற மாதிரி முறுகும், இறங்கும்போது விரியும். காரின் மூக்கு மொத்தமும் அந்த முறுக்கில்தான் நிற்கிறது. கம்பியின் நுனிகளில் பல் வெட்டியிருக்கும். கழற்றி ஒரு பல் தள்ளிப் பூட்டினால் முறுக்குக் குறைந்து மூக்கு இறங்கும். செய்யத் தெரிந்தவனுக்கு இரண்டு நாள் வேலை.

டிரைவர் விட்டுவிட்டுப் போகவில்லை. வேலை தொடங்குமுன் கோயிலில் இருந்து எலுமிச்சம்பழமும் குங்குமமும் கொண்டுவந்து சில்லுக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார். பிறகு வாங்குப் பலகையில் உட்கார்ந்து நாங்கள் கழற்றுகிற ஒவ்வொரு ஆணியையும் பார்த்துக்கொண்டிருந்தார். சும்மா இருக்க அவருக்குத் தெரியாது. நட்டுகளைத் தகரத்தில் போட்டு மண்ணெண்ணெயில் கழுவுவார். ஸ்பேனர்களைத் துடைத்து வரிசையாக அடுக்குவார். "டிரைவரண்ணே, சம்பளம் கேட்டுடாதீங்க" என்று நானா கேலி செய்வார்.

ரப்பர் புஷ்ஷெல்லாம் உளுத்துப் போயிருந்ததால் நானா இரண்டு கம்பிகளையும் வெளியே எடுத்தார். டிரைவர் எங்களுக்குத் தேத்தண்ணி வாங்கக் கடைக்குப் போயிருந்தார். கம்பிகளை வாங்கின் மேல் கிடத்திவிட்டு நானா என்னிடம் சொன்னார்:

"பாரு தம்பி, இது எடது, இது வலது. இத்தன வருசமா ஒவ்வொண்டும் ஒரு பக்கமா முறுகிப் பழகி ஈக்கு. மாத்திப் போட்டா எதிர்ப்பக்கம் முறுகணும். தாங்காது. ஒரு கீறலும் படக் கூடாது. பெயின்ட் ஒரிஞ்சாலும் பரவால்ல, இரும்பு கீறக் கூடாது, கீறின எடத்துலதான் வெடிக்கும். ஒண்டுக்கு அடையாளம் வை."

கம்பியின் நுனியில் இருந்த பழைய எழுத்துகள் துருவில் கரைந்து போயிருந்தன. பெயின்ட் டின்னைத் திறந்தேன், காய்ந்து கல்லாகக் கிடந்தது. சில்லடியில் டிரைவர் வைத்த குங்குமம் தாளோடு கிடந்தது. ஒரு சிட்டிகை எடுத்துக் கிரீசில் குழைத்து இடது கம்பியின் நடுவில் ஒரு பொட்டு வைத்தேன்.

நானா பார்த்துச் சிரித்தார். "சரி, ஒங்கட சாமிக்கும் எங்கட கராஜில வேல ஈக்கு."

மறுநாள் வெள்ளிக்கிழமை. நானா ஜும்மாவுக்குப் போனார். நான் புஷ் வாங்க மாத்தளை டவுனுக்கு பஸ் ஏறினேன். கராஜில் டிரைவர் மட்டும்.

நான் திரும்பி வந்தபோது வாங்கின் மேல் இரண்டு கம்பிகளும் வெள்ளிக் கோல் மாதிரி மின்னின. பெயின்டும் இல்லை, துருவும் இல்லை, பொட்டும் இல்லை. டிரைவர் கை முழுக்க கறுப்பு. முகத்தில் அப்படி ஒரு சந்தோசம்.

"பாத்தியா தம்பி? எமரித் தாள் போட்டுத் தேச்சேன். மொகம் தெரியுது பாரு. நாப்பது வருசம் லொறி ஓட்டினேன். கழட்டினதத் தொடைக்காம பூட்டினதே இல்ல. கழுவாத கோப்பையில சோறு போடுற மாதிரி அது."

"ஐயா, இதுல ஒரு பொட்டு இருந்திச்சே" என்றேன்.

"இருந்திச்சு. தொடைச்சுட்டேன். பொட்டு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? இது எடது, இது வலது. எடுத்த எடத்துலயே வச்சேன். நான் மாத்துவேனா?"

நானா தொப்பியோடு உள்ளே வந்தார். கம்பிகளைப் பார்த்தார். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து நுனியிலிருந்து நுனி வரை மெதுவாக உருட்டினார். குறுக்கும் நெடுக்கும் எமரிக் கோடுகள். மற்றதையும் எடுத்து அப்படியே பார்த்தார். டிரைவர் பாராட்டுக்காக நின்றார். நல்லது செய்து முடித்தவனின் நிற்பு அது. நானா அவரை ஏசவில்லை.

"நல்லா மினுங்குது அண்ணே" என்றார்.

பிறகு என்னைப் பின்பக்கம் கூப்பிட்டார். "குருநாகல்ல ஒருத்தன்ட வேற சோடி ஈக்கலாம். கேட்டனுப்பி வந்து சேர ஒரு கிழமை ஆகும். காது குத்து எப்ப?"

"ஞாயிற்றுக்கிழமை."

அவர் தாடியைத் தடவிக்கொண்டே டயர் குவியலைப் பார்த்தபடி நின்றார். "நாவுலதானே. மெதுவாப் போகட்டும். நீயும் கூடப் போ. வந்தபொறகு மாத்துவோம்."

டிரைவர் இடது என்றதை இடது பக்கமும், வலது என்றதை வலது பக்கமும் பூட்டினோம். ஒரு பல் தள்ளி. ஜாக்கை இறக்கியபோது கார் மூக்கைத் தாழ்த்திக்கொண்டு நின்றது. டிரைவர் குச்சியை எடுத்துவந்து விளிம்புக்குக் கீழே வைத்தார். சரியாக முட்டியது. அவர் குச்சியைப் பிடித்தபடியே குந்தியிருந்தார், எழும்பவில்லை. நான் கை கொடுத்துத் தூக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் கடைசிக் காம்பரா, முன்னால் சீமெந்து போட்ட சின்ன வாசல். டிரைவர் காரை வாசலோடு ஒட்டி நிறுத்தியிருந்தார். அந்த அம்மா ஊதாப் பட்டுச் சேலை கட்டி, பூ வைத்து, கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒல்லியான ஆள். கண் மட்டும் பெரிசு. லயத்து ஆட்கள் அவரவர் வாசலில் வேலை இருக்கிற மாதிரி நின்றார்கள்.

"இவன் யாரு?" என்று அந்த அம்மா கேட்டார்.

"கராஜ் பையன். கூட வாறான்."

"பையனா? இவனுக்கே நரைச்சிருக்கு." பிறகு காரைப் பார்த்தார். "என்னங்க இது, மூஞ்சி கவுந்த எரும மாதிரி நிக்குது."

"ஏறு, அப்புறம் எரும மாடெல்லாம் பேசலாம்" என்றார் டிரைவர். கையை நீட்டவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அந்த அம்மா திரும்பி, சீட்டில் உட்கார்ந்தார். தூணைப் பிடித்தார். வலது கால் உள்ளே போனது. பிறகு இடது முழங்காலுக்குக் கீழே சேலையைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கினார். குதிகால் விளிம்பில் உரசியது. ஒரு கணம் அங்கேயே நின்றது. பிறகு உள்ளே விழுந்தது.

ஒரு வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண் கழுவுவதை நிறுத்தினாள். அந்த அம்மா நேராக முன்னால் பார்த்துச் சேலையைச் சரிசெய்துகொண்டார்.

"என்ன எல்லாரும் கோயில் தேரைப் பாக்குற மாதிரி பாக்குறீங்க? கதவச் சாத்துங்க, போவோம்."

டிரைவர் கதவைச் சாத்திவிட்டுக் காரின் பின்பக்கமாகச் சுற்றி வந்தார். அங்கே நின்று முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார். பின் சீட்டில் ஏறியிருந்த எனக்கு மட்டும் அது தெரிந்தது.

பாதை நெடுக அந்த அம்மா பேசிக்கொண்டே வந்தார். எந்தக் கடை புதுசு, எந்த மரத்தை வெட்டிவிட்டார்கள், யார் வீட்டுக்கு மாடி ஏறியிருக்கிறது. ஒரு வருசத்தில் இவ்வளவு மாறிவிட்டதா என்று டிரைவரே ஆச்சரியப்பட்டார். ஒவ்வொரு குழிக்கும் அவர் காரை நடக்கிற வேகத்துக்குக் கொண்டுவந்தார். பின்னால் வந்த பஸ்காரன் ஹோர்ன் அடித்து ஏசினான்.

"போடா, நான் பவுன் ஏத்திட்டுப் போறேன்" என்றார் டிரைவர்.

"பவுனாம் பவுனு. வித்தா ஒரு மூட்டை மாவு வராது" என்றார் அந்த அம்மா. ஆனால் சிரித்தார்.

நாலந்தைக்குக் கொஞ்சம் முன்னால், மிளகு, ஏலம் வளர்க்கிற வாசனைத் தோட்டங்கள் முடிகிற இடத்தில், ஒரு மதகைத் தாண்டும்போது காருக்கு அடியில் துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். காரின் இடது முன்மூலை பொத்தென்று கீழே உட்கார்ந்தது. வேகம் இல்லாததால் டிரைவர் பாதையோரம் இழுத்து நிறுத்திவிட்டார். யாருக்கும் அடி இல்லை. நான் இறங்கிக் குனிந்து பார்த்தேன். இடது கம்பி இரண்டாக உடைந்து தொங்கியது.

ஒன்றரை அங்குலம் இறக்கிய கார் இப்போது அந்தப் பக்கம் தரையோடு கிடந்தது. கதவின் அடி புல்லில் இடித்தது, பாதிதான் திறந்தது. அந்த அம்மா வெளியே எழும்பப் பார்த்தார். சீட் பள்ளத்தில் இருந்தது. வலது கையால் தூணைப் பிடித்து இழுத்தார். உடம்பு கொஞ்சம் எழும்பி மறுபடி விழுந்தது. மறுபடி முயன்றார். டிரைவர் கையை நீட்டினார்.

"தொடாதீங்க."

"வேற வழியில்ல புள்ள."

"தொடாதீங்கன்னு சொன்னேன்."

ஏசிக்கொண்டு போன அதே பஸ் முன்னால் நின்றது. அதிலிருந்து பொடியன்கள் சிலர் உதவிக்கு ஓடிவந்தார்கள். நல்ல மனசோடுதான் வந்தார்கள். ஒருவன் பாதிக் கதவுக்குள் உடம்பை நுழைத்து அந்த அம்மாவின் அக்குளில் கையைக் கொடுத்து இழுத்தான். டிரைவர் "விடு, விடு" என்று சிங்களத்தில் கத்தினார். அவன் விடுவதற்குள் நடந்துவிட்டது. ஊதாச் சேலை கறுத்துக்கொண்டே வந்தது. சீட்டிலிருந்து சொட்டியது. அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

பாதையோரத்தில் சிங்களப் பெண்கள் சிலர் சோளம் அவித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் வயதான ஒருத்தி எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் கையிலிருந்த இடுக்கியைக் கீழே போட்டாள். "மல்லிலா, யன்ன! யன்ன!" என்று பொடியன்களைக் கோழி விரட்டுகிற மாதிரி விரட்டினாள். மற்றவர்கள் கடைக்கு மேலே கட்டியிருந்த நீலத் தறப்பாளை அவிழ்த்துக் காரைச் சுற்றிப் பிடித்தார்கள். டிரைவரையும் என்னையும் வெளியே தள்ளினார்கள். நான் பாதையைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.

தறப்பாளுக்குள்ளிருந்து தண்ணீர் ஊற்றுகிற சத்தம் வந்தது. "அனே அம்மே, கமக் நே, கமக் நே" என்று அந்தக் கிழவி சொல்லிக்கொண்டே இருந்தாள். பரவாயில்லை, பரவாயில்லை என்று. சோளம் சட்டியில் கொதித்துக்கொண்டிருந்தது. பார்க்க ஆள் இல்லை.

தறப்பாளை விலக்கியபோது அவர் ஒரு கதிரையில் உட்கார்ந்திருந்தார். சேலைக்குப் பதில் பூப்போட்ட சீத்தைத் துணி ஒன்றைச் சுற்றியிருந்தார்கள். தலையில் பூ மட்டும் அப்படியே இருந்தது. டிரைவர் பக்கத்தில் குந்தினார்.

"இன்னும் கொஞ்சத் தூரந்தான். ஒரு வேன் பாத்து..."

"இந்தத் துணியோடயா?"

"மக வீட்டுல மாத்திக்கலாம்."

"நீங்க பஸ்ஸுல போங்க. புள்ளைக்கு மடி வேணும்." மடியிலிருந்த கைக்குட்டையை அவர் கையில் வைத்தார். அதற்குள் பேத்திக்கான தோடு இருந்தது. "நான் வீட்டுக்குப் போறேன்."

"ஒன்ன விட்டுட்டு நான் எப்பிடிப் போக?"

"நீங்களும் வரல்லன்னா அவ என்னன்னு கேப்பா. என்னன்னு சொல்லுவீங்க?"

டிரைவர் கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். தம்புள்ளை பஸ் வந்தபோது ஏறினார். ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டே போனார். அந்த அம்மா அவருக்குக் கையைக் காட்டினார், சிரித்த முகத்தோடு. பஸ் மறைந்ததும் முகம் விழுந்துவிட்டது.

மாத்தளைப் பக்கம் போகிற மரக்கறி லொறி ஒன்றை அந்தக் கிழவிதான் மறித்தாள். பெண்களே தூக்கி லொறிக்காரன் பக்கத்து சீட்டில் வைத்தார்கள். நானும் ஓரத்தில் ஏறிக்கொண்டேன். வழி முழுக்க அந்த அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. லயத்துக்கு வந்து இறக்க வேண்டிய நேரத்தில் பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடிவந்து, தொடுவதற்குப் பயந்து தள்ளி நின்றார்கள். அவரே வலது கையை நீட்டினார்.

"தூக்குங்க" என்றார். "இனி என்ன."

உள்ளே கொண்டுபோய் வேறு உடுப்புப் போட்ட பிறகு என்னைக் கூப்பிட்டார். யாரோ தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார்கள்.

"இந்தா தம்பி, எது ஒடஞ்சிச்சு?"

"கம்பிம்மா. எடதுபக்கக் கம்பி."

"அன்னிக்கு வந்து சொன்னாரு, எமரி போட்டுத் தேச்சேன், கண்ணாடி மாதிரி மொகம் தெரியுதுன்னு. சின்னப் புள்ள பரிசு வாங்கிட்டு வந்த மாதிரி சொன்னாரு. அதுலயா ஒடஞ்சிச்சு?"

"தெரியாதும்மா. கழட்டிப் பாத்தாத்தான்."

"பாத்தாலும் தெரியாதுன்னே சொல்லு." பெரிய கண்ணால் என்னையே பார்த்தார். நான் தலையாட்டினேன். "நானாகிட்டயும் சொல்லு. இன்னொண்ணு. காரைப் பழையபடி தூக்கி வைக்கச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு."

"அப்போ ஒங்களுக்கு ஏற..."

"அதுக்குத்தான் சொல்றேன். தாழ்வா நின்னா அவரு விடமாட்டாரு. இன்னிக்கி போவோமா, நாளைக்கிப் போவோமான்னு கேட்டுக்கிட்டே இருப்பாரு."

காரைக் கட்டி இழுத்து வந்தோம். உடைந்த கம்பியின் வாயில், ஓரத்தில், நகத்தளவு இடம் வேறு நிறத்தில் இருந்தது. அங்கிருந்துதான் வெடிப்பு ஓடியிருந்தது. அந்த இடத்துக்குக் குறுக்கே ஒரு எமரிக் கோடு. நானா விரலை வைத்துத் தடவினார்.

"இதுவா ஈக்கலாம். பக்கம் மாறினதாவும் ஈக்கலாம். ஒண்டுமில்லாம கிழடாகியும் ஒடைஞ்சிருக்கலாம். அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்." பிறகு சொன்னார்: "நான் குருநாகல் சாமான் வரும்வரை நிப்பாட்டி வச்சிருக்கணும்."

நான் அந்த அம்மா சொன்னதைச் சொன்னேன். அவர் இரண்டு துண்டையும் சாக்கில் சுற்றி, அன்றைக்கே பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டார்.

டிரைவர் வந்து கேட்டபோது நானா முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "இரும்பு கிழடாப் போச்சு அண்ணே. நாங்க என்ன செய்ய."

"தேச்சுப் பாத்தேனே. ஒரு வெடிப்பும் இருக்கல்லையே."

"உள்ளுக்க ஈக்கும். வெளியால தெரியாது."

டிரைவர் வாங்கில் உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் எதையும் துடைக்கவில்லை. காது குத்தினபோது பேத்தி அழவே இல்லை என்று சொன்னார். வீடியோ எடுத்து வந்து காட்டினாராம். அந்த அம்மா இரண்டு தடவை பார்த்தாராம்.

குருநாகலில் இருந்து வேறு சோடி கம்பி வந்தது. நானா அதைப் பெயின்டோடு, நான் சொன்ன மாதிரிப் பழைய பல்லிலேயே பூட்டப் போனார். டிரைவர் கையைப் பிடித்தார்.

"எறக்கியே பூட்டுங்க நானா."

"ஒங்கட வீட்டுல தூக்கச் சொன்னாங்களாமே."

"சொன்னா. எங்கிட்டயும் சொன்னா. கொஞ்ச நாள் போகட்டும். மனசு மாறும். மாறினா அப்ப கார் ஒசரமா நின்னா எப்பிடி?"

நானா என்னைப் பார்த்தார். நான் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தேன். இறக்கியே பூட்டினார்.

காரைக் கொண்டுபோய் விடும்போது நானும் போனேன். அந்த அம்மா வாசலில் கதிரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஒரு கையால்தான். கீரைக்கட்டை மடியில் முழங்கையால் அமுக்கிக்கொண்டு. கார் அவருக்கு நேரே வந்து நின்றது. தரையைப் பார்த்த மூக்கு. பார்க்கத் தெரியாதவனுக்கும் தெரியும்.

"தூக்கியாச்சா?"

"தூக்கியாச்சு" என்றார் டிரைவர்.

அந்த அம்மா காரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் செருப்பில் ஒட்டிய மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்பத்தான் பாக்க நல்லா இருக்கு" என்றார். "பழையபடி."

டிரைவர் காரை வீட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். சீட்டைக் கழுவிக் காய வைத்திருந்தார். இன்னும் ஈரம் இருக்கிறது என்று சொல்லி இடப்பக்கக் கதவைத் திறந்துவிட்டு வந்தார். அது வாசலில் இருந்து பார்த்தால் தெரிகிற இடம். அந்த அம்மா கீரையை ஆய்ந்துகொண்டே எனக்குத் தேத்தண்ணி போடச் சொன்னார். நாவுலவில் இந்தத் தடவை மழை எப்படியாம், மிளகாய்க்கு என்ன விலையாம் என்று கேட்டார். கதவுப் பக்கம் அவர் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு நான் அங்கே அதிக நாள் இருக்கவில்லை. கலேவெலயில் வெங்காய லொறிக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பஸ் ஏறினேன். அதுவரைக்கும் அந்தக் கார் சந்தைக்குப் போகிறபோதெல்லாம் கராஜைத் தாண்டிப் போகும். மூக்குத் தாழ்ந்தே இருக்கும். டிரைவர் ஒவ்வொரு குழிக்கும் பிரேக் பிடித்து, நடக்கிற வேகத்தில் இறக்கி ஏற்றுவார். பக்கத்து சீட்டில் மரக்கறிப் பை இருக்கும்.